பக்கத்து வீட்டுக்காரராக இருப்பது எப்படி: தெருவைப் பத்திரமாக வைத்திருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாள் காலை ஏழே காலுக்கு எதிர் வீட்டு மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் வீணாவதை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். "வாத்தியார் சார், மோட்டார்!" என்று முதலில் நான் குரல் கொடுத்தேன். அடுத்து மாடி வீட்டு அக்கா. அப்புறம் அயர்ன் வண்டிக்காரர். வழக்கமாக ஒரே குரலில் நின்றுவிடும் மோட்டார் அன்று பத்து நிமிடம் கழித்தும் ஓடியது. அயர்ன் வண்டிக்காரர்தான் அதைப் பார்த்தார்: "சார், அவர் பேப்பர் இன்னும் கேட்டுலயே சொருகி இருக்கு."

அவர் வீட்டு மாற்றுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. திறந்துகொண்டு உள்ளே போனால், குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். நினைவு இருந்தது, எழ முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவரைத் தூக்கி உட்கார வைக்காமல், தலைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டு 108க்கு அழைத்தோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் கைத்தடியோடு தெருமுனைக் கடை வரை நடந்து வந்துவிட்டார்.

அவர் மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவார், எத்தனை குரலுக்கு நிறுத்துவார் என்பது மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. சாவி ஒரு வீட்டில் இருந்தது. இந்த இரண்டும் இல்லாமல் இருந்திருந்தால், தொட்டி வழிகிறது என்று திட்டிவிட்டு அவரவர் வேலைக்குப் போயிருப்போம். தெருவின் பாதுகாப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் இப்படி ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்துக்கொள்வதில்தான் தொடங்குகின்றன. சென்னையை வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் மாநகராட்சி எண்ணை மட்டும் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

முதல் படி: ஆறு வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

தெரு முழுக்கப் பழக வேண்டியதில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, எதிரே மூன்று, பின்பக்கம் ஒன்று, ஆக ஆறு வீடு. அடுக்குமாடியில் இருந்தால் உங்கள் தளத்தில் இருப்பவர்கள், நேர் மேல் வீடு, நேர் கீழ் வீடு. பின்பக்க வீட்டைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறோம். திருட வருபவர்கள் ஏறிக் குதிப்பது பின்பக்கச் சுவரில்தான், அந்தச் சத்தம் முதலில் கேட்பதும் பின் வீட்டுக்குத்தான்.

இந்த ஆறு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் தனியாக இருப்பார்கள், படுத்த படுக்கையாகவோ கைக்குழந்தையாகவோ யாராவது உண்டா, வெளியூரில் இருக்கும் பிள்ளையின் எண் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நாளில் நோட்டுப் புத்தகத்தோடு போய் விசாரித்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். பேச்சோடு பேச்சாக வர வேண்டிய விவரம் இது. முதலில் உங்கள் வீட்டு விவரத்தைச் சொல்லுங்கள், அவர்களும் தானாகச் சொல்வார்கள்.

தெரிந்ததை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். கைபேசியில் மட்டும் இருந்தால், அது சார்ஜ் இல்லாமல் கிடக்கும் நேரத்தில்தான் தேவைப்படும். அதே தாளில் இந்த எண்களும் இருக்கட்டும்:

எல்லா அவசரத்துக்கும் 112 (போலீசுக்கு 100ம் வேலை செய்கிறது)
தீ 101, ஆம்புலன்ஸ் 108
சமையல் எரிவாயுக் கசிவு 1906
மின்தடை, அறுந்த கம்பி: மின்னகம் 94987 94987
சென்னை மாநகராட்சி 1913
பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567
இணைய வழிப் பண மோசடி 1930

புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தால் பால் காய்ச்சும் அன்றே எட்டிப் பாருங்கள். இனிப்பு கொண்டுபோவதைவிட நாலு தகவல் கொண்டுபோனால் அவர்களுக்கு அதிகம் உதவும். குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், தண்ணீர் லாரி எந்தெந்த நாள், நம்பகமான பிளம்பர் யார், எந்த நாய் குரைக்கும் ஆனால் கடிக்காது. வாடகைக்கு வந்தவர்தானே, பதினொரு மாதத்தில் போய்விடுவார் என்று சிலர் பேசுவதே இல்லை. இப்போது பாதித் தெரு வாடகைக்காரர்கள்தான். அவர்களை விட்டுவிட்டால் பாதித் தெருவில் நமக்குக் கண்ணே இல்லை என்று அர்த்தம்.

தெருவில் வீடு இல்லாத ஆனால் தெருவை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அயர்ன் வண்டிக்காரர், விடியற்காலையில் பால் போடுபவர், தூய்மைப் பணியாளர், மூலைக் கடை அண்ணாச்சி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா. நாம் ஆபீஸ் போனபின் பகல் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வெயிலில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுங்கள், பெண்களாக இருந்தால் கழிப்பறை பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால் தயங்காமல் வந்து சொல்லும் அளவுக்கு நம் பழக்கம் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: நம் வீட்டால் வரும் தொந்தரவைக் குறையுங்கள்

பக்கத்து வீட்டுக்காரர் செய்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், நம் வீட்டுச் சத்தம் நமக்குக் கேட்பதே இல்லை. ஒரு நாள் நீங்களே வெளியே நின்று உங்கள் வீட்டைக் கேட்டுப் பாருங்கள். தொலைக்காட்சி எவ்வளவு தூரம் கேட்கிறது, கேட் எப்படிக் கிறீச்சிடுகிறது, வண்டியை ஸ்டார்ட் செய்து எத்தனை நேரம் உறுமவிடுகிறோம் என்பது தெரியும்.

ஒலி மாசு விதிகள் 2000ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வீட்டுக்குள் இருப்பவர்களும் இதே நேரத்தைப் பின்பற்றினால் நல்லது. கிரைண்டர், சுவரில் டிரில் போடுவது, மரச்சாமான் நகர்த்துவது எல்லாம் பத்துக்குள் முடியட்டும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை டிரில்லிங்கைத் தவிர்த்தால் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பெரிய உதவி. அடுக்குமாடியில் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குப்பி மாட்டிவிடுங்கள். சில ரூபாய் வேலை, கீழ் வீட்டில் இருப்பவருக்குத் தூக்கம் வரும்.

வீட்டில் விசேஷம் என்றால் இரண்டு நாள் முன்பே ஆறு வீட்டுக்கும் நேரில் சொல்லுங்கள். முக்கியமாக, எத்தனை மணிக்கு முடியும் என்பதைச் சொல்லுங்கள். முடியும் நேரம் தெரிந்தால் சத்தத்தைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் 2018லிருந்து காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பட்டாசு நேரம் குறித்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டு ஜன்னலுக்கு நேராக வெடிக்காமல் தெருமுனைக்குப் போனால் அவருக்கு அந்த இரண்டு மணி நேரமும் சுலபமாகக் கழியும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மெட்ரோ வாட்டர் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். அது சட்டப்படியும் தவறு. நீங்கள் அரை மணியில் சம்ப்பை நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் தெருக்கோடி வீட்டில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஒரு கோடை முழுக்க எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மா இரண்டு குடத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். நடுவில் யாரோ மோட்டார் வைத்திருந்தார்கள். கோடை முடிந்தும் அந்த வீட்டுக்கும் மற்றவர்களுக்கும் பேச்சு வரவில்லை.

குப்பையில் மக்குவது பச்சைத் தொட்டி, மக்காதது நீலத் தொட்டி. உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுங்கள். நாப்கின், டயப்பரைத் தனியாகத் தாளில் சுற்றி அடையாளம் வையுங்கள். நம் குப்பையைத் தொட்டுப் பிரிக்கும் கை இன்னொருவருடையது. காய்ந்த இலையையோ பிளாஸ்டிக்கையோ வாசலில் கொளுத்துவது வேண்டவே வேண்டாம்.

வண்டி நிறுத்துவதில் இரண்டு விஷயம். யார் கேட்டையும் அடைக்காதீர்கள், ஐந்து நிமிடம் என்றாலும் சரி. இரவில் தெருவில் நிறுத்தும் காரின் முன் கண்ணாடியில் உங்கள் எண் தெரியட்டும். வாத்தியாருக்கு ஆம்புலன்ஸ் வந்த அன்று தெருமுனையில் எதிரெதிரே நின்ற இரண்டு காரால் வண்டி திரும்ப முடியவில்லை. ஒன்றின் உரிமையாளர் குளித்துவிட்டு வர எட்டு நிமிடம் ஆனது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே நாங்கள் தெருமுனைக்குப் போனோம். அதன்பின் அந்த முனையில் இருபக்கமும் யாரும் நிறுத்துவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம்.

வீடு கட்டுபவர்கள் மணலையும் ஜல்லியையும் சாலையில் கொட்டினால் அன்று இரவே உள்ளே அள்ளிவிட வேண்டும். முடியாவிட்டால் ஒரு சிவப்புத் துணியோ ஒளிரும் பட்டையோ கட்டுங்கள். பரவிக்கிடக்கும் ஜல்லியில் இருசக்கர வண்டி சறுக்கிவிடும்.

மூன்றாம் படி: குறையை நேரில் சொல்லுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "சிலர் இப்படிச் செய்கிறார்கள்" என்று பொதுவாகப் போடுவதுதான் தெருச் சண்டைகளின் ஆரம்பம். யாரைச் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கு நாலு பேர் முன்னால் அவமானம். அப்புறம் பிரச்சினை தண்ணீரோ குப்பையோ இல்லை, மானமாகிவிடும்.

கோபம் தணிந்த பிறகு, அவர் அவசரமாக வேலைக்குக் கிளம்பாத நேரமாகப் பார்த்து, தனியாகப் போங்கள். ஞாயிறு காலை பத்து மணி பொதுவாக நல்ல நேரம். ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்றால் கதவு சாத்தப்படும். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க, நைட்டு பதினொரு மணிக்கு மேல கிரைண்டர் ஓடுது, எங்க அம்மா முழிச்சிடறாங்க, எட்டு மணிக்கு அரைச்சுக்க முடியுமா?" என்றால் அவருக்கும் பதில் சொல்ல இடம் இருக்கிறது. கூடவே, "எங்க வீட்டால உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருந்தா சொல்லுங்க" என்று கேட்டுவிடுங்கள். கட்டாயம் ஒன்று இருக்கும். அதை அன்றே சரிசெய்யுங்கள்.

மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ் வீட்டுக் கூரையில் கசிவு வந்தால், மேல் வீட்டுக்காரரை முதலில் கீழே அழைத்து வந்து காட்டுங்கள். ஈரம் பூத்த கூரையை நேரில் பார்த்தவர் மறுப்பது குறைவு. பிளம்பரை இருவரும் சேர்ந்து அழைத்து, தளம் உடைக்க வேண்டுமா, குழாய் மாற்றினால் போதுமா என்று இருவர் முன்னிலையிலும் அவர் சொல்லட்டும். செலவுப் பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை பேசியும் நடக்கவில்லை என்றால் குடியிருப்போர் சங்கம் மூலம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100க்கு அழைத்தால் சட்ட உதவி பற்றிச் சொல்வார்கள். மிரட்டல், அடிதடி என்று போனால் மட்டும் காவல் நிலையம். மனு கொடுத்தால், அது பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

நான்காம் படி: சாவியும் ஊருக்குப் போவதும்

முழு நம்பிக்கை உள்ள ஒரு வீட்டில் மாற்றுச் சாவி இருக்கட்டும். தனியாக இருக்கும் பெரியவர்கள் இரவில் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டால் சாவி இருந்தும் பயனில்லை. வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய பூட்டாக ஒரு கதவுக்காவது மாற்றிக் கொடுங்கள். வாத்தியார் வீட்டில் பின்கதவு அப்படி இருந்ததால்தான் எங்களால் நுழைய முடிந்தது.

தனியாக இருப்பவரோடு தினம் ஒரு அடையாளம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் திரைச்சீலையை விலக்குவது, எட்டு மணிக்குள் பேப்பரை எடுப்பது, ஒரு குட் மார்னிங் செய்தி, எதுவானாலும் சரி. குறித்த நேரத்தில் அது வரவில்லை என்றால் போய்ப் பார்ப்பது யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வெளியூர் கிளம்பும்போது:

பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். கேட்டில் தொங்கும் மூன்று நாள் பேப்பர்தான் ஆளில்லை என்பதற்கு அறிவிப்புப் பலகை. எதிர்பாராமல் வரும் கூரியர், விளம்பரத் தாள்களை எடுத்து வைக்கப் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். முடிந்தால் வாசல் தெளித்து ஒரு சின்னக் கோலமும் போடச் சொல்லுங்கள்.

வெளியே தெரியும்படி பெரிய பூட்டைத் தொங்கவிடாதீர்கள். இரவில் ஒரு விளக்கு எரியட்டும். பகலிலும் அது எரிந்துகொண்டே இருந்தால் நாலாவது நாள் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நேரம் வைத்து எரியும் சுவிட்ச் வாங்குங்கள், அல்லது சாவி வைத்திருப்பவரைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். நகையை வங்கி லாக்கரில் வைத்துவிடுங்கள்.

சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள், மோட்டார் சுவிட்சை அணையுங்கள், தண்ணீர் வால்வை அடையுங்கள். பகுதிக் காவல் நிலையத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்தால் ரோந்து போகும்போது பார்ப்பார்கள். மலைமேல் எடுத்த படத்தை இறங்கி வந்து வீடு சேர்ந்தபின் போடுங்கள், ஸ்டேட்டஸ் காத்திருக்கும்.

சாவி வைத்திருப்பவருக்கும் ஒரு எச்சரிக்கை. பூட்டிய வீட்டிலிருந்து எரிவாயு வாடை வந்தால் காலிங் பெல்லை அழுத்தாதீர்கள். அந்தச் சின்னப் பொறியே போதும். எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். கதவைத் தட்டுங்கள், திறந்தால் கதவு ஜன்னல்களை விரியத் திறந்துவிடுங்கள், ரெகுலேட்டரை மூட முடிந்தால் மூடுங்கள், தள்ளி வந்து நின்று 1906க்கும் 101க்கும் அழையுங்கள்.

ஐந்தாம் படி: மாதம் ஒரு முறை இரவில் தெருவைச் சுற்றி வாருங்கள்

இரண்டு மூன்று பேராக, கையில் டார்ச்சோடு, இரவு எட்டரைக்கு மேல். பகலில் தெரியாதது எல்லாம் அப்போது தெரியும்.

எரியாத தெருவிளக்கின் கம்பத்து எண்ணைக் குறித்துக்கொண்டு 1913க்கோ நம்ம சென்னை செயலியிலோ புகார் கொடுங்கள். 'பிள்ளையார் கோயில் பக்கத்து லைட்' என்றால் எந்தக் கம்பம் என்று தேடுவதற்கே இரண்டு நாள் போய்விடும். எண் சொன்னால் சீக்கிரம் வருகிறார்கள். மூடி இல்லாத மழைநீர் வடிகால், ஆடும் மேன்ஹோல் மூடி, சாய்ந்த கம்பம், மரக்கிளையில் உரசும் கம்பி ஆகியவற்றையும் படம் எடுத்துப் புகார் எண்ணோடு எழுதி வையுங்கள்.

மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி) கதவு திறந்து கிடந்தால் அன்றே சொல்லுங்கள். 2017 நவம்பரில் கொடுங்கையூரில் மழைநீரில் மின்சாரம் பாய்ந்து, விளையாடப் போன இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். குழந்தைகளுக்கு, பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் கால் வைக்கக் கூடாது என்று மழைக்காலத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

ஒவ்வொரு வீட்டு சம்ப் மூடியையும் பாருங்கள். குழந்தை நின்றாலும் புரளாத கனம் வேண்டும், பூட்டும் வேண்டும். அப்புறம் செப்டிக் டேங்க். அதற்குள் மனிதரை இறக்குவது 2013ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தெருவில் எந்த வீட்டிலாவது ஆளை இறக்கப் போவதாகத் தெரிந்தால் நின்று தடுங்கள். விஷவாயு தாக்கினால் இறங்கியவரும் போய், காப்பாற்ற இறங்குபவரும் போய்விடுகிறார். உறிஞ்சும் லாரிக்கு 14420ல் அழைக்கலாம்.

கேமரா பற்றி. சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று சொல்லி வலியுறுத்தியதிலிருந்து தெருவுக்கு நாலு வீட்டில் மாட்டிவிட்டோம். எங்கள் தெருவில் ஒரு ஸ்கூட்டர் திருடு போனபோது மூன்று வீட்டுப் பதிவைப் பார்த்தோம். ஒன்றில் ஹார்டு டிஸ்க் எப்போதோ நின்றுபோயிருந்தது. இன்னொன்றில் நேரம் நாற்பது நிமிடம் தள்ளி ஓடியது. மூன்றாவதில் முருங்கைக் கிளை மறைத்திருந்தது. ஆகவே மாதம் ஒரு முறை பதிவாகிறதா, நேரம் சரியா, மறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா உங்கள் வாசலையும் தெருவையும் பார்க்கட்டும். எதிர் வீட்டு ஜன்னலையோ துணி காயும் மாடியையோ பார்க்கக் கூடாது. மாட்டியவுடன் எதிர் வீட்டாரை அழைத்துத் திரையில் என்ன தெரிகிறது என்று காட்டிவிடுங்கள்.

ஆறாம் படி: தெரியாதவர் வந்தால்

முதலில் கேளுங்கள். "யாரைப் பார்க்கணும்?" என்று சாதாரணக் குரலில் கேட்டாலே போதும். வழி தேடுபவர் நிம்மதியாகப் பதில் சொல்வார். வேறு எண்ணத்தோடு வந்தவர், தன்னை ஒருவர் கவனித்துவிட்டார் என்று நகர்ந்துவிடுவார்.

நகைக்கு பாலிஷ் போடுகிறோம், அடுப்பைச் சோதிக்க வந்திருக்கிறோம், மீட்டர் மாற்ற வேண்டும் என்று சொல்லி வருபவர்களை, யார் அனுப்பியது என்று தெரியாமல் உள்ளே விடாதீர்கள். பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களோடு ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளலாம்: அப்படி யார் வந்தாலும் கிரில் கேட்டைத் திறக்குமுன் பக்கத்து வீட்டைக் கூப்பிடுவது. வீடியோவில் போலீஸ் உடையில் வந்து "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டுவது இப்போது அதிகம். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது என்று தெருப் பெரியவர்கள் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு.

அதிகாலையில் கோலம் போடும்போதும் நடைப்பயிற்சியிலும்தான் சங்கிலிப் பறிப்புக்கு வாய்ப்பு அதிகம். எதிரெதிர் வீட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தால் ஒருவருக்கு ஒருவர் துணை. நடக்கும்போது வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடங்கள். பறிப்பு நடந்தால் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். வண்டி நிறம், எண்ணின் கடைசி இலக்கம், போன திசை, இந்த மூன்றையும் சொல்லி 112க்கு அழையுங்கள்.

இனி சொல்வதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் வழியில் நின்றது. அங்கே இருந்த குழந்தைகளுக்கு அந்தக் குடும்பத்து மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் தங்கள் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

எனவே தெருக் குழுவில் ஒரு விதி வையுங்கள். ஒருவர் என்ன செய்தார் என்று மட்டும் எழுதலாம்: "இரண்டு மணிக்கு ஒருவர் மூன்று வீட்டு கேட்டை ஆட்டிப் பார்த்தார்." அவர் எந்த மொழி பேசினார், எப்படி உடை உடுத்தியிருந்தார், எந்த ஊர்க்காரர் போல் இருந்தார் என்பது புகார் ஆகாது. நம் வீடுகளைக் கட்டும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் இரவில் கடைக்குப் போய்த் திரும்புவதை யாரும் படம் எடுத்துப் போடக் கூடாது. எவர் மீதும் கை வைக்கக் கூடாது. எங்கிருந்தோ வந்த வீடியோவைப் பரப்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் 112, அவ்வளவுதான்.

ஏழாம் படி: நாயும் கொசுவும்

வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம். வெளியே கூட்டிப்போனால் கையில் கயிறும், கழிவை அள்ள ஒரு பையும் வேண்டும். தெரு நாய்களுக்கு உணவு வைப்பவரும் பயப்படுபவரும் எல்லாத் தெருவிலும் உண்டு, இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மாடிப்படி, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் தவிர்த்து ஒரு இடத்தையும் நேரத்தையும் தெருவே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2023 விதிகள் சொல்லின; 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தெருவில் வைக்காமல் மாநகராட்சி ஒதுக்கும் இடத்தில் மட்டுமே உணவு வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாநகராட்சியில் சொன்னால் பிடித்துப்போய்க் கருத்தடையும் ஊசியும் போடுவார்கள். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்துவிட்டது என்று அடையாளம்.

யாரையாவது கடித்துவிட்டால், சிறு கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எல்லாத் தவணை ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் பத்து நாள். எனவே வாரம் ஒரு நாள், எங்கள் தெருவில் ஞாயிறு, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டு மாடிதான் பெரும்பாலும் விட்டுப்போவது. சாவி வைத்திருப்பவர் அதையும் பார்த்துவிடட்டும்.

எட்டாம் படி: பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால்

'அது அவங்க குடும்ப விஷயம்' என்று ஜன்னலைச் சாத்திக்கொள்ளாதீர்கள். போய் மணி அடியுங்கள். சர்க்கரை இருக்கிறதா, உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று எதையாவது கேளுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் அடி நிற்கும், ஒருவர் கவனிக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். ஆயுதமோ அலறலோ இருந்தால் நெருங்காமல் 112.

மறுநாள் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்க்கும்போது, "எந்த நேரமானாலும் எங்க வீட்டுக் கதவைத் தட்டும்மா" என்று மட்டும் சொல்லுங்கள். ஏன், எதற்கு என்று துருவ வேண்டாம். 181 எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். 2005ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்த யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. குழந்தை என்றால் 1098. கேட்ட விஷயத்தைத் தெருவில் வேறு யாரிடமும் பேசாதீர்கள்.

ஒன்பதாம் படி: ஐப்பசிக்கு முன்பே மழைக்குத் தயாராகுங்கள்

2015 டிசம்பர் முதல் வாரம் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தரைத்தளத்துக் குடும்பங்கள் மாடி வீடுகளில் மூன்று இரவு தங்கின. பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சின. அந்த ஆண்டு எதுவும் திட்டமிட்டு நடக்கவில்லை, நல்ல மனசால் நடந்தது. அதன்பின் ஒவ்வொரு செப்டம்பரிலும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்கிறோம்.

எந்தத் தரைத்தளக் குடும்பம் எந்த மாடிக்குப் போகும் என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்கும். இன்சுலின், டயாலிசிஸ், கர்ப்பிணி என்று யார் யார் முதலில் வெளியேற வேண்டும் என்பதும் தெரியும். வாத்தியார் வீட்டுக்கு இரண்டு இளைஞர்கள் பொறுப்பு. மழைநீர் வடிகாலைத் தூர்வார 1913ல் செப்டம்பரிலேயே மனு கொடுத்துவிடுகிறோம், தெருமுனைத் துவாரத்தில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக்கை நாங்களே எடுத்துவிடுகிறோம். வடிகாலில் கழிவுநீரை விடும் வீடு இருந்தால் அது தெரு முழுக்க மிதக்கும், மூன்றாம் படியில் சொன்ன விதத்தில் அவர்களோடு முதலில் பேசுங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் தரைத்தள வீடுகளில் மெயினை அணைக்க வேண்டும். மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077.

தண்ணீர் வடிந்தபின் எல்லோருக்கும் தங்கள் வீட்டைப் பார்க்க ஓடத் தோன்றும். எங்கள் தெருவில் முதலில் தரைத்தள வீடுகளுக்குத்தான் எல்லோரும் துடைப்பத்தோடு போவோம். சேறு காய்ந்துவிட்டால் தரையை விட்டு வராது. சம்ப்பை இறைத்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடும்வரை மாடி வீட்டுத் தண்ணீர்தான் எல்லோருக்கும். எலெக்ட்ரீஷியன் வந்து ஒவ்வொரு பிளக் பாயிண்டாகப் பார்த்து, உலர்ந்துவிட்டது என்று சொல்லும்வரை அந்த வீடுகளில் மெயினைப் போடாதீர்கள். அன்றும் குடும்பம் மாடியிலேயே தூங்கட்டும்.